வயலுக்கு வெளியே இருக்கும் மதகு

(இந்தியாவில் உணவும் நிலமும் வெளியிடும் பசுங்குடில் வாயுக்கள் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் நாட்டின் சோறும் பாலும் எண்ணெயும் உண்டாக்கும் பசுங்குடில் வாயுக்களை எப்படிக் குறைப்பது என்பது இன்றைய பேச்சுக்குத் தரப்பட்ட பொருள். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், ‘விவசாயிகளிடம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்’ என்ற தீர்மானத்தில் போய் முடிவதே வழக்கம். நான் அந்தத் தீர்மானத்தோடு உடன்படவில்லை. வயலிலும் தொழுவத்திலும் எழும் வாயு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் விசைகளில் பெரும்பாலானவை விவசாயியின் கையில் இல்லை. அவை அணையின் மதகில் இருக்கின்றன. மும்முனை மின்சாரத்தின் நேரப் பட்டியலில், யூரியா மூட்டையின் விலையில், ரேஷன் கடையின் எண்ணெய்ப் பாக்கெட்டில், நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் இருக்கின்றன. இவை அத்தனையும் அரசின் கையில் உள்ளவை. இதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுவதுதான் என் நோக்கம்.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

முதலில் அளவு. 2024 டிசம்பர் இறுதியில் இந்திய அரசு ஐ.நா. காலநிலை அமைப்பிடம் அளித்த அறிக்கை 2020ஆம் ஆண்டின் கணக்கைத் தருகிறது. நிலப் பயன்பாட்டைச் சேர்க்காமல் பார்த்தால் நாட்டின் மொத்த வெளியீடு, கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிச் சொன்னால், ஏறத்தாழ 296 கோடி டன். அதில் முக்கால் பங்கு ஆற்றல் துறையுடையது. வேளாண்மையின் பங்கு 13.72 விழுக்காடு, அதாவது சுமார் 40 கோடி டன். காடும் மரங்களும் மண்ணும் சேர்ந்து அதே ஆண்டில் 52 கோடி டன் அளவுக்கு உறிஞ்சிக்கொண்டன என்றும் அறிக்கை சொல்கிறது.

வேளாண்மையின் பங்கில் பாதிக்கு மேல், அசைபோடும் கால்நடைகளின் ஏப்பத்தில் வரும் மீத்தேன். நெல் வயல்களின் மீத்தேன் ஆறில் ஒரு பங்கை ஒட்டி வரும். உரமிட்ட மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு ஐந்தில் ஒரு பங்கு அளவு. ஆண்டுதோறும் செய்திகளில் பெரிதாக அடிபடும், அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் தாளின் எரிப்பு, இந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்குதான். அதன் கேடு டெல்லியின் நுரையீரலில் இருக்கிறது.

வாயுக்களின் குணமும் வேறு வேறு. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடோ சுமார் 270 மடங்கு வலுவானது. நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் மின்சாரம் ஆற்றல் துறையில் சேர்ந்துவிடும். யூரியா தயாரிக்கும் ஆலையின் புகை வேளாண்மையின் பெயரில் எழுதப்படுவதில்லை. நாம் கொட்டும் மிச்சச் சோறு குப்பைக் கிடங்கில் விடும் மீத்தேன் கழிவுத் துறைக்குப் போகும். நாம் வாங்கும் பாமாயிலுக்காக அழிந்த காடு இந்தோனேசியாவின் கணக்கில் ஏறும். ‘உணவு’ என்று ஒரு தலைப்பே அந்த அறிக்கையில் கிடையாது. தலைப்பு இல்லாததால் பொறுப்பேற்க ஒரு துறையும் இல்லை.

1991இன் வழக்கு

1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாகச் சொன்னது. மேலை நாட்டு வயல்களில் அளந்த எண்ணை நம் நெல் பரப்பால் பெருக்கிப் பெற்ற தொகை அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவின் தலைமையில் 1991இல் நாட்டின் பல பகுதிகளில் நேரடி அளவீடு நடந்தது. பயிரின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, சீரான இடைவெளியில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி ஆய்வகத்தில் பகுத்துப் பார்ப்பது இதற்கான முறை. கிடைத்த விடை சுமார் 40 இலட்சம் டன். ஒன்பது மடங்கு வேறுபாடு! நம் வயல்களில் கணிசமானவை வானம் பார்த்தவை. மழை விட்டால் காய்கின்றன. காய்ந்த மண்ணில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை.

அதே ஆண்டில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வெளியாகும் வாயுவையும் சொகுசுக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம் என்பது அதன் சாரம். 2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் கையெழுத்திட்ட மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேராததற்கும் அரசு ஏறக்குறைய இதே காரணத்தைத்தான் சொன்னது.

இந்த நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பிறர் நம்மைக் கேட்கக் கூடாது என்பதற்கான வாதம், நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கான வாதமாகிவிடாது. குறைப்பதால் விவசாயிக்குத் தண்ணீரோ காசோ மிஞ்சுமானால், குறைக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலில் நீர் தேங்கி நின்றால் அதனடியில் மண்ணின் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது ஒருவகை நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களை மீத்தேனாக்கும். அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வரும். இடையிடையே வயலைக் காயவிட்டால் இந்த நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். நம் வேளாண் அலுவலர்களும் விவசாயிகளும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வது இதைத்தான்.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எளிய கருவி ஒன்றைப் பரப்பியது. சுமார் 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாய். கீழ்ப்பாதி முழுவதும் துளைகள். துளையிட்ட பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே அடைத்திருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். மேலே வயல் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தாலும் குழாய்க்குள் 15 செ.மீ. ஆழத்துக்குள் நீர் இருந்தால் பயிருக்குக் குறைவில்லை. அதற்கும் கீழே இறங்கினால் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதைச் சரியாகச் செய்தால் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு சற்றே கூடும். அதைக் கழித்த பிறகும் ஆதாயம்தான். தண்ணீரும் கணிசமாக மிஞ்சும்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் பரவவில்லை? விவசாயிக்குத் தெரியாததாலா? காவிரிப் படுகைக்குப் போய் அவர் இடத்தில் நின்று பாருங்கள்.

ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் முறைவைத்து வருகிறது, சில நாள் நடு இரவில். எழுந்துபோக முடியாதவர் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறார். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், போனால் நிற்கும். குழாய்க்குள் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அந்த ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. தண்ணீரை மிச்சம் பிடித்தால் அவருக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது.

ஆற்றுப் பாசனக்காரர் நிலைமை வேறு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்பது ஆண்டுக்கு ஆண்டு கேள்விக்குறி. திறந்தாலும் கடைமடைக்கு எப்போது நீர் எட்டும், முறை எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று உறுதி கிடையாது. வருகிறபோது வரப்பு முட்டத் தேக்கிவைத்துக்கொள்வதுதான் அவருக்குப் பயிர்க் காப்பீடு. பல ஊர்களில் வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நீர் பாய்கிறது. பக்கத்து வயல்காரர் நீர் கட்டியிருக்க, இவர் மட்டும் காயவிட முடியாது. முறைப்பாசனத்தின் தேதி தவறாது என்ற நம்பிக்கை பிறந்தால், அந்த முறையே காய்ச்சலும் பாய்ச்சலுமாக அமைந்துவிடும். அந்த நம்பிக்கையைத் தர வேண்டியது நீர்வளத் துறை.

சம்பாப் பருவத்துக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வயலைக் காயவிடுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அங்கே செய்யக்கூடியது வடிகாலைத் தூர்வாருவது ஒன்றுதான். அந்த மழையில் படுகையின் தாழ்ந்த நிலத்தில் நெல்லைத் தவிர வேறு எந்தத் தானியமும் நிற்காது. சிறுதானியத்துக்கு மாறுங்கள் என்ற அறிவுரையை மேட்டு நிலங்களில் சொல்லலாம். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதுபோல, அரசு வாங்கினால் அங்கே விளையும்.

சீனமும் பஞ்சாபும்

இரண்டு எடுத்துக்காட்டுகள். சீனாவில் 1980களிலிருந்து பெரும்பாலான நெல் வயல்களில் பருவத்தின் நடுவே நீரை வடித்துக் காயவிடும் பழக்கம் பரவியது. மீத்தேன் பெருமளவு குறைந்தது. அந்த விவசாயிகள் யாரும் புவி வெப்பத்தை நினைத்து வடிக்கவில்லை. வடித்தால் பயன்தராத தூர்கள் குறைந்தன, விளைச்சல் கூடியது, தண்ணீர் மிஞ்சியது. தங்களுக்கு நன்மை என்று தெரிந்தது, செய்தார்கள்.

பஞ்சாப் எச்சரிக்கை. நிலத்தடி நீர் அதல பாதாளத்துக்குப் போனதால் 2009இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி, ஜூன் 10க்கு முன் நெல் நடக்கூடாது என்றது. பின்னால் அந்தத் தேதி இன்னும் தள்ளிப்போனது. கொளுத்தும் கோடையில் ஆவியாகும் நீர் மிச்சமாகும் என்பது நல்ல கணக்குதான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடையில் கிடைத்த நாட்கள் இரண்டு, மூன்று வாரமாகச் சுருங்கின. இயந்திரம் அறுத்து விட்டுப்போன தாளை அகற்ற நேரமில்லை, தீ வைத்தார்கள். காற்று அசையாத நவம்பரில் அந்தப் புகை டெல்லியில் படிந்தது. நெல்லைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளும் கொள்முதலையும் இலவச மின்சாரத்தையும் தொடாமல், நாட்காட்டியை மட்டும் திருத்தியதன் விளைவு அது.

தொழுவம்

வேளாண்மை வெளியிடும் வாயுவில் பெரும் பங்கு கால்நடையிடம் இருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள். 2023-24இல் இந்தியாவின் பால் உற்பத்தி 23.9 கோடி டன், உலகில் முதலிடம். இத்தனை மாடு வைத்துத்தான் இத்தனை பால் என்பதுதான் இங்கே விஷயம். நாட்டு மாட்டின் சராசரி நாளுக்கு 3, 4 லிட்டர். கலப்பின மாட்டுக்கு 8 லிட்டரை ஒட்டி வரும்.

நம் ஊர்க் காட்சி ஒன்றைக் கவனியுங்கள். அறுவடை முடிந்ததும் இயந்திரம் வைக்கோலை உருளைக் கட்டுகளாகக் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்புகிறது. பஞ்சாபைப்போல நாம் எரிப்பதில்லை, ஏனென்றால் வைக்கோலுக்கு இங்கே விலை உண்டு. அந்த வைக்கோல் மாட்டின் வயிற்றில் எளிதில் செரிக்காத நார். செரிமானம் மெதுவாக நடக்கும். உண்ட தீனிக்கு மீத்தேன் அதிகம், பால் குறைவு. பசுந்தீவனமும் தாது உப்பும் கலந்து கொடுத்தால் அதே மாடு கூடுதலாகக் கறக்கும். லிட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் மீத்தேன் இறங்கும். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கும் என்கிறார்கள். நாள்தோறும் அளந்து கலந்து கொடுக்கப்படும் பண்ணைகளில் அது பயன்படும். காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு மாலையில் வைக்கோல் போடும் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அந்த வீட்டின் கவலை வேறு: ‘மாடு சினை நிற்கவில்லை.’ பருவத்துக்கு வந்ததைக் கவனித்து, சினை ஊசி போட ஆள் தேடி, அவர் வருவதற்குள் நேரம் கடந்து, அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கிறார்கள். அந்த வாரங்கள் முழுவதும் மாடு தின்கிறது, ஏப்பம் விடுகிறது, கறப்பதில்லை. ஈற்றுக்கு ஈற்று இடைவெளி குறைந்தாலே, அதே பாலுக்குக் குறைவான மாடுகள் போதும். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் நேரத்துக்கு வந்து சேரும் கால்நடை மருத்துவர்தான் மலிவான மீத்தேன் திட்டம். அந்தக் காலிப் பணியிடங்களை நிரப்புவதற்குக் காலநிலை மாநாடு எதுவும் தேவையில்லை.

யூரியாவும் இலை வண்ண அட்டையும்

தழைச்சத்து தரும் யூரியா, 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்து மிகுந்த டிஏபி, 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். இந்த இரண்டு எண்களைப் பார்த்தபின் விவசாயி ஏன் தழைச்சத்தை அள்ளிக் கொட்டுகிறார் என்று கேட்பவர் கடைக்குப் போகாதவர். 2010இல் உர மானியத்தைச் சத்தின் அடிப்படையில் மாற்றியபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே விட்டார்கள். நெல்லுக்கு இடும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதி நீரோடு போகும், காற்றோடு போகும். நைட்ரஸ் ஆக்சைடு அந்த மீதியிலிருந்து வருவது.

அளவறிந்து இடுவதற்கு வழி இருக்கிறது. இலை வண்ண அட்டை என்பது பச்சையின் சாயல்களை வரிசையாக அச்சிட்ட பட்டை. காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் இலைமேல் விழாதபடி உங்கள் உடல் நிழலில் வைத்துக்கொண்டு, முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேற்பட்டவை 4ஆம் எண்ணை விட வெளிறியிருந்தால் உரம், இல்லையென்றால் வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் வரம்பு 3. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெகுகாலமாகப் பரிந்துரைக்கும் முறை இது. 266 ரூபாய் மூட்டை இருக்கும்வரை, காலையில் வயலில் இறங்கி இலை எண்ண யாருக்குத் தோன்றும்? மானியத்தை வெட்டச் சொல்லவில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று அதே பணத்தை விவசாயி கையில் கொடுத்து, எந்தச் சத்தை வாங்குவது என்பதை அவரிடம் விட்டால், மிச்சப்படுத்துவதில் அவருக்கு முதல்முறையாக லாபம் பிறக்கும்.

ரேஷன் எண்ணெயும் நனைந்த நெல்லும்

இந்தியா ஆண்டுக்குச் சுமார் 80 இலட்சம் டன் பாமாயிலை இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலுமிருந்து. அங்கே சதுப்புக் கரிநிலத்தின் நீரை வடித்து எண்ணெய்ப்பனை நட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் காற்றோடு கலக்கத் தொடங்கும். 2015இல் அந்த நிலம் வாரக்கணக்கில் எரிந்தது. தமிழ்நாட்டு ரேஷனில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி. அதில் கைவைக்கக் கூடாது. பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வாங்குங்கள் என்று நம் விவசாயிகள் வெகுநாளாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது விலைக்காக. காலநிலைக் கணக்கும் அதே பக்கம்தான் இருக்கிறது. கடலை பயறுவகைச் செடி. காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். விலை வித்தியாசத்தைச் சமாளிக்கப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும். மாவட்டம் மாவட்டமாகத் தொடங்கலாம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்க ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடை மழையோடு வந்தால் நெல்லைச் சாலையில் பரப்பி, மழை இருட்டினால் குவித்துத் தார்ப்பாய் போட்டு, விட்டால் மறுபடி பரப்பி, முறைக்குக் காத்திருக்கிறார்கள். ஈரத் தளர்வு கேட்டுக் கடிதம் போய், குழு வந்து, ஆணை வருவதற்குள் குவியலின் அடியில் நெல் முளைக்கிறது. மூன்று மாதம் வயல் மீத்தேன் விட்டு, மோட்டார் மின்சாரம் தின்று, யூரியா கரைந்து உருவான நெல் அது. விளைந்ததைக் காக்க ஓர் உலர்த்தியும் கூரையும் அமைப்பதைவிடச் சிக்கனமான வாயுக் குறைப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

வரியும் சந்தையும்

டென்மார்க் 2030 முதல் கால்நடை வெளியீட்டுக்கு வரி விதிக்கவிருக்கிறது. நியூசிலாந்து பல ஆண்டுகள் பேசிவிட்டு 2024இல் கைவிட்டது. அங்கெல்லாம் பெரும் பண்ணைகள். இங்கே 2015-16 கணக்கின்படி 86 விழுக்காட்டினரின் நிலம் 2 ஹெக்டேருக்கும் குறைவு. வரி பேச்சுக்கே இடமில்லை. சந்தையில் விற்கப்படும் கரிம வரவுகளிலும் (கார்பன் கிரெடிட்) கவனம் தேவை. சீனாவின் 37 நெல் திட்டங்களை வெர்ரா என்ற சான்றளிப்பு அமைப்பு 2024இல் நிராகரித்தது. சிறு சிறு வயல்களில் யார் எந்த நாள் காயவிட்டார் என்பதை நிரூபிப்பது அவ்வளவு எளிதல்ல. தரகருக்குப் போகும் பங்கு வேறு.

முடிவாக

நான் சொன்ன விசைகளை வரிசைப்படுத்திவிடுகிறேன். தேதி தவறாத முறைப்பாசனம், பகலில் மின்சாரம், தழைச்சத்தை மிச்சம் பிடித்தால் விவசாயிக்குப் பணம், ஊர்தோறும் கால்நடை மருத்துவர், ரேஷனில் உள்ளூர் எண்ணெயும் தானியமும், கொள்முதல் நிலையத்தில் உலர்த்தி. எதுவும் புதுமையானதல்ல. எல்லாவற்றையும் விவசாய சங்கங்கள் வேறு காரணங்களுக்காக ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கின்றன. காலநிலைக் கொள்கையும் விவசாயியின் கோரிக்கையும் ஒரே திசையில் நிற்கும் அபூர்வமான இடம் இது.

இவை அத்தனையும் நடந்தாலும் 40 கோடி டன்னில் ஒரு பெரும் பகுதி மிஞ்சும். சம்பா வயலும் ஏழை வீட்டு மாடும் மீத்தேன் விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதை ஒளிக்க வேண்டியதில்லை. வயிற்றுப்பாட்டின் வாயு என்று வெளிப்படையாக எழுதி, அதற்கு ஈடான குறைப்பை முக்கால் பங்கு வைத்திருக்கும் ஆற்றல் துறையிடம் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை அளித்துவருகிறது. அடுத்த அறிக்கையில் ஒவ்வொரு மானியத்துக்கும் எதிரே, அது எவ்வளவு நீரையும் தழைச்சத்தையும் வாயுவையும் கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அந்த வரியைக் கணக்கிட்டுத் தரும் திறமை இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு இருக்கிறது. அரசு கேட்கும்வரை காத்திராமல் நீங்களே ஒரு மாவட்டத்தை எடுத்துக் கணக்கிட்டு வெளியிடுங்கள்.